மடியில் வைத்த யாழ்

அன்புள்ள ஐயா,

போன வாரம் யூடியூபில் ஒரு வீடியோ பார்த்தேன். படகு மாதிரி வளைந்த ஒரு கருவியை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் வாசிக்கிறார். பக்கத்தில் ஓர் அம்மாள் கையில் சின்னத் தாளத்தோடு பாடுகிறார். ‘இன்லே மியின்ட் மௌங்’ என்று பெயர் போட்டிருந்தது. எங்கள் ஆயா 1964இல் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவர். அவரிடம் காட்டியதும், “இது சௌங்குடா, ரேடியோல வைப்பாங்க” என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் அதைப் போட்டேன். உடனே, “இது நம்ம யாழ். ராஜேந்திர சோழன் கொண்டுபோய்க் கொடுத்தது. இந்தியாவில அழிஞ்சுபோச்சு, அவனுங்க வச்சிருக்கானுங்க” என்று ஒருவர் எழுத, எல்லோரும் கைதட்டினார்கள். இது உண்மையா? அந்த மியின்ட் மௌங் யார்? இதை அங்கே எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

எஸ்., வியாசர்பாடி

*

அன்புள்ள எஸ்.,

முதலில் சோழரை வழியிலிருந்து விலக்கிவிடுவோம். ராஜேந்திரனின் கடாரப் படையெடுப்பு 1025இல் நடந்தது. பர்மாவில் பியூ மக்களின் ஸ்ரீ க்ஷேத்ரத்தில், இன்றைய பியே நகரத்துக்கு அருகே, ஏழாம் நூற்றாண்டுச் சிற்பம் ஒன்றிலேயே வளைந்த யாழ் இருக்கிறது. 802இல் பியூ அரசின் தூதுக்குழு ஒன்று இசைக்கலைஞர்களோடு சீனத்தின் தாங் அரசவைக்குப் போனது. அவர்கள் கொண்டுபோன கருவிகளைச் சீன வரலாற்று நூல் உட்கார்ந்து பட்டியல் போட்டிருக்கிறது, அதிலும் இந்த யாழ் உண்டு. சோழன் கப்பல் கட்டுவதற்கு இருநூறு வருஷம் முன்பே அது அங்கே ஊறிப்போன கருவி.

இந்தியாவிலிருந்து போனதுதானா என்றால், அநேகமாக ஆமாம். அமராவதிச் சிற்பங்களில் இருப்பதும், சமுத்திரகுப்தன் தன் பொற்காசில் மடியில் வைத்து வாசிப்பதும் இதே குடும்பம்தான். நம் பாணர் கையில் இருந்ததும் இதுவே. ஆகவே ‘நம்ம யாழ்’ என்று சொல்லும்போது அந்த ‘நம்ம’வில் ஆந்திரமும் மகதமும் சேர்ந்தே இருக்கின்றன. இந்தியாவில் அடியோடு அழிந்தது என்பதும் முழுச் சரியில்லை. மத்தியப் பிரதேசத்தின் பர்தான் பாணர்கள் ஐந்து நரம்புள்ள ‘பின் பாஜா’ என்ற சின்ன வில்யாழை வைத்திருக்கிறார்கள். கோண்டுகளின் கதைப்பாடல்களைப் பாடுகிறவர்கள் அவர்கள். நம் வாட்ஸப் குழுக்களுக்கு அவர்கள் ஏன் கண்ணில் படுவதில்லை என்பது வேறு கதை.

ஆனாலும் உங்கள் உறவினர் உணர்ச்சிவசப்பட்டதை நான் கேலி செய்ய மாட்டேன். சௌங்கை முதல்முறை பார்த்தபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. காரணம் ஒரு கயிறு. பெரும்பாணாற்றுப்படையில் யாழின் தண்டைச் சுற்றிக் கட்டிய வார்க்கட்டுக்குத் ‘திவவு’ என்று பெயர். நெகிழ்வதும் இறுகுவதுமான அந்தத் திவவு, இளம்பெண்ணின் முன்கையில் அடுக்கிய வளையல்போல் இருக்கிறது என்கிறான் புலவன். படிக்கும்போது வெறும் உவமையாகத்தான் கடந்துபோனேன். சௌங்கின் வளைந்த கழுத்தைப் பாருங்கள். ஒவ்வொரு நரம்பும் ஒரு சிவப்புக் கயிற்றில் முடிந்து, அந்தக் கயிறு கழுத்தைச் சுற்றி இறுக்கப்பட்டிருக்கும். அதைத் திருகித்தான் சுருதி சேர்க்க வேண்டும். வரிசையாகச் சிவப்பு வளையல். விபுலாநந்த அடிகள் ‘யாழ் நூல்’ எழுதி 1947இல் வெளியிட்டபோது, நூல்களின் வரிகளிலிருந்து கணக்குப் போட்டு மீட்க முயன்ற ஒன்று, கடலுக்கு அப்பால் ஒருவர் மடியில் உயிரோடு இருந்துகொண்டிருந்தது.

இதை வைத்துக்கொண்டு ‘அதேதான் இது’ என்று சொல்லிவிட முடியாது. மரம், தோல், கயிறு இவற்றின் தர்க்கம் எங்கும் ஒன்றுதான். அதில் வாசிக்கப்படும் இசை முழுக்கப் பர்மியருடையது. ஏழு சுரம் உண்டு, ஆனால் நாம் ஸரிகம என்று மேலே ஏறுகிற இடத்தில் அவர்களுடைய எண்ணிக்கை கீழே இறங்குகிறது. நம் தாளத்தில் அழுத்தம் ஆவர்த்தத்தின் தொடக்கத்தில் விழும், அவர்களுக்கு முடிவில். நீங்கள் பார்த்த அம்மாள் கையில் இருந்தது ‘சி’ என்ற குட்டித் தாளமும் ‘வா’ என்ற மூங்கில் கட்டையும். சி ஒலித்து ஒலித்து வர, வா விழும் இடத்தில்தான் சொல் உட்காரும். பாடுபவரே இரண்டையும் போட வேண்டும். யாழும் குரலும் ஒன்றாகப் போகாது. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், முடிவில் சேர்ந்துகொள்ளும். கர்நாடக இசைக்குப் பழகிய என் காதுக்கு முதல் இரண்டு நாள், பக்கவாத்தியம் தப்பு தப்பாக வாசிக்கிறது என்றே தோன்றியது.

இந்தக் கருவி பிழைத்தது தானாக நடக்கவில்லை. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன்.

ஏழு நரம்பு இருந்த சௌங்கைப் பதின்மூன்றாக்கியவர் மியாவதி ஊ ஸா (1766–1853). மந்திரி, போர்வீரர், கவிஞர். 1767இல் அயுத்தயாவை வென்று பர்மியர் பிடித்துவந்த தாய்லாந்துக் கலைஞர்களின் இசையை உள்வாங்கி, ‘யோதயா’ (பர்மிய நாக்கில் அயுத்தயா) என்ற பாட்டு வகையையே வளர்த்தவர். பகையாளியின் பாட்டுக்குப் பகையாளியின் பெயரையே வைத்து, தங்கள் செவ்வியல் தொகுப்பான மஹாகீதத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

பதினான்காவது நரம்பைச் சேர்த்தவர் மௌங் மௌங் ஜீ (1855–1933). மண்டலே அரசவையின் கடைசி யாழ்க் கலைஞர். ‘தேவ எய்ந்தா’ என்பது அவருடைய பட்டம். நம் தேவேந்திரனேதான், பாலி வழியாகப் பர்மிய நாக்கில் விழுந்து அப்படி ஆகிவிட்டது. 1885 நவம்பரில் ஆங்கிலேயர் மண்டலேயைப் பிடித்தபோது அவருக்கு முப்பது வயது. பர்மாவின் கடைசி மன்னன் தீபோவைக் கப்பலேற்றி முதலில் நம் சென்னைக்குத்தான் கொண்டுவந்தார்கள், சில மாதம் கழித்து ரத்னகிரிக்கு. அரண்மனை டஃபரின் கோட்டை ஆயிற்று. கொலுமண்டபத்தில் மாதாகோயில் வைத்தார்கள், ராணியின் மண்டபத்தில் வெள்ளைக்காரர்கள் சாராயம் குடிக்கும் கிளப் நடந்தது.

அரசவைக் கலைஞனுக்கு அரசவை இல்லாமல் போய்விட்டது. அதற்குப் பிறகு மௌங் மௌங் ஜீ நாற்பத்தெட்டு வருஷம் உயிரோடு இருந்தார். நான் அடிக்கடி நினைப்பது இந்த நாற்பத்தெட்டு வருஷத்தைத்தான். பாட்டுப் புத்தகங்கள் இருந்தன, அவற்றில் சொற்கள் மட்டுமே உண்டு. மெட்டும், யாழில் விரல் போகும் வழியும் எந்த ஏட்டிலும் கிடையாது. தெரிந்தவர்கள் வாய்திறந்து சொல்லிக்கொடுத்தால் உண்டு, அவர்கள் செத்தால் போச்சு. நம் பாணரிடம் இருந்ததும் இதே நிலைதான். அவர்களுக்கு அந்த நாற்பத்தெட்டு வருஷத்தைக் கடந்து உட்கார்ந்திருக்க ஆள் கிடைக்கவில்லை என்று எனக்குத் தோன்றும். இது என் ஊகம், வரலாறு என்று யாருக்கும் பார்வர்ட் செய்துவிடாதீர்கள்.

அடுத்த தலைமுறையில் ‘ஊ பா தான்’ என்ற கலைஞர். நரம்பைப் பதினாறாக்கியவர். அமெரிக்க இசையியலாளர் மியூரியல் வில்லியம்சன் பர்மாவுக்குப் போய் அவரிடம் கற்றுக்கொண்டார். பர்மிய யாழின் சுருதிமுறைகள் பற்றி 2000இல் வெளிவந்த அவருடைய பெரிய நூல் அந்தப் பாடத்தின் விளைச்சல்.

நீங்கள் பார்த்த இன்லே மியின்ட் மௌங் (1937–2001) அதற்கும் அடுத்த தலைமுறை. பெயருக்கு முன்னால் நிற்கும் இன்லே, ஷான் மாநிலத்து ஏரி. ஒற்றைக் காலால் துடுப்புப் போடும் படகோட்டிகளின் படத்தை எங்காவது காலண்டரில் பார்த்திருப்பீர்கள், அந்த ஏரிதான். பர்மாவுக்கு வெளியே சௌங் என்றால் பலர் முதலில் கேட்பது இவரைத்தான். யீ யீ தான் என்ற பாடகியோடு இவர் செய்த மஹாகீதப் பதிவை அமெரிக்க இசைப்பதிவு நிறுவனமான ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் 2003இல் வெளியிட்டது. அப்போது அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் வாசிப்பில் அவசரமே இருக்காது. ஒரு நரம்பு ஒலித்து அடங்கும் வரை அடுத்ததைத் தொடாமல் காத்திருக்கிற துணிச்சல் இருக்கிறதே, அது மேடையில் பெயர் வாங்கத் துடிக்கிறவர்களுக்கு வராது.

எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டீர்கள். குருவுக்கு வணக்கம் செலுத்தித்தான் தொடக்கம், அது நமக்குப் புதிதில்லை. சி-யும் வா-வும் போட்டுப் பாடப் பழக வேண்டும். யாழில் முதலில் ‘ச்சோ’ என்ற வகையைச் சேர்ந்த பதின்மூன்று பாட்டு. நாம் ஸரளி வரிசை, ஜண்டை வரிசை என்று பாட்டில்லாத பயிற்சியில் பிள்ளைகளை மாதக்கணக்கில் வதைக்கிறோம். அங்கே பயிற்சியே பாட்டுதான். எங்கள் தெருவில் நான் பயின்ற பாட்டு வாத்தியார் இதைக் கேட்டால் கோபித்துக்கொள்வார், ஆனாலும் அவர்கள் முறைதான் பிள்ளைகளுக்கு நல்லது என்பேன்.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசு இசைப்பள்ளிகள் வந்தன, மஹாகீதப் பாட்டுகளுக்கு ஒரே பாடம் நிர்ணயிக்கும் வேலையும் நடந்தது. 1993இலிருந்து ராணுவ அரசு பெரிய அளவில் கலைப் போட்டிகள் நடத்தியது. கற்கும் பிள்ளைகள் பெருகினார்கள். ஆனால் போட்டிக்கு ஒரே பாடம், ஒரே அளவு. ஒரு குரு ஒரு மாதிரியும் இன்னொரு குரு வேறு மாதிரியும் வாசித்த பாட்டுகளுக்கு அது நல்லதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

ஆயாவுக்கு அந்த வீடியோவை இன்னொரு முறை போட்டுக் காட்டுங்கள். இந்த முறை நீங்கள் மியின்ட் மௌங்கின் இடது கையைப் பாருங்கள். வலது கை விரல்கள் நரம்பை மீட்டும். இடது கட்டைவிரல் மட்டும் வளைவுக்குள்ளேயிருந்து நகத்தால் நரம்பை மெல்ல அழுத்தி, அதில் இல்லாத ஒரு சுரத்தை எடுக்கும். அது நடக்கும்போது ஆயா எதையாவது முணுமுணுத்தால் பதிவு செய்து எனக்கும் அனுப்புங்கள்.