ரசீது இல்லாத கட்டணம்

கேள்வி: ஏழை நாடுகளின் நகராட்சிகள் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் கட்டணம் கேட்பது கொடுமை அல்லவா? அடிப்படை வசதிகளை அரசு இலவசமாகத்தானே தர வேண்டும்?

பதில்: கேட்பதற்கு இனிக்கிறது. அந்த இலவசம் யார் வீட்டில் போய் இறங்குகிறது என்று பாருங்கள். குழாய் இணைப்பு உள்ளவர் வீட்டில்! நகர விளிம்பில் இருக்கும் குடிசைகளுக்குக் குழாயே கிடையாது. அங்கே தண்ணீர் லாரியில் வரும்; குடத்துக்கு இவ்வளவு என்று காசு. லிட்டர் கணக்குப் போட்டால், குழாய்நீரில் கார் கழுவுகிறவரைவிடக் குடம் சுமக்கிறவர் பல மடங்கு அதிகம் கொடுக்கிறார். அவர் கட்டணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார் ஐயா, ரசீதுதான் வருவதில்லை.

கம்போடியத் தலைநகர் புனோம்பென்னில் 1993-ல் எக் சொன் சான் என்பவர் குடிநீர் வாரியத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அப்போது அனுப்பிய தண்ணீரில் 72 சதவீதம் கணக்கில் வரவில்லை. கொஞ்சம் ஒழுகியது, கொஞ்சம் களவு போனது. களவுக்கு வாரிய ஊழியர்களே உடந்தை. அவர் வீட்டுக்கு வீடு மீட்டர் பொருத்தினார். பெரிய மனிதர்கள்தான் முதலில் முரண்டு பிடித்தார்கள். ஒரு ராணுவத் தளபதி வீட்டுக்குப் போனபோது தலைக்கு நேரே துப்பாக்கி நீண்டதாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். திரும்பிப் போனவர் ஆயுதக் காவலுடன் வந்து இணைப்பைத் துண்டித்தார். பதினைந்து ஆண்டுகளுக்குள் இழப்பு 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் வந்தது. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கிப் பணமும் உதவியது, மறுக்கவில்லை. ஆனால் முக்கால் பங்கு ஒழுகும் வாரியத்துக்குக் கடன் கொடுத்தால் அந்தக் கடனும் சேர்ந்துதான் ஒழுகும்.

தெருவிளக்குக்கும் வடிகாலுக்கும் மீட்டர் வைக்க முடியாது. அவற்றுக்குச் சொத்துவரிதான் வழி. அதை உயர்த்தத் தேர்தல் பயம். பழைய மதிப்பீட்டிலேயே காலம் ஓடுகிறது. ஊரார் பணத்தில் சாலை போட்டதும் இருபுறமும் மனை விலை ஏறுகிறதே, அந்த லாபத்தில் நகரம் பங்கு கேட்டால் என்ன தவறு? கொலம்பியாவில் 1921-லேயே அதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள்.

எல்லோருக்கும் ஒரே கட்டணமா என்றால், இல்லை. கொஞ்சமாகப் புழங்குகிறவருக்குக் குறைந்த விலை, அளவு கூடக் கூட விலையும் கூட வேண்டும். மாதக் கட்டணத்தை ஏழைகள் சமாளித்துவிடுவார்கள். அவர்களைத் தடுப்பது, இணைப்புக்காக மொத்தமாக வைக்கச் சொல்லும் பணம். புனோம்பென்னில் ஏழை வீடுகளுக்கு அதில் சலுகை கொடுத்தார்கள், தவணையும் கொடுத்தார்கள். அந்தப் பணத்தைப் புரட்டிவிட்டாலும் அடுத்த தடை காத்திருக்கிறது. புறம்போக்கில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருப்பவரிடம் நிலப் பத்திரத்தின் நகல் கேட்கிறதே விண்ணப்பப் படிவம், கொடுமை என்ற உங்கள் சொல்லை நான் அதற்குத்தான் வைத்திருக்கிறேன்.