வாசகர் கேள்வி – பதில்: ஜிப்சம்

கேள்வி: பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு வார்க்கிறேன். சில நாள் கலவை கிண்ணத்திலேயே இறுகிவிடுகிறது. சில நாள் வார்த்த உருவம் விரல் பட்டாலே மாவாக உதிர்கிறது. இரண்டும் ஒரே மூட்டை மாவுதான். கோளாறு எங்கே?

பதில்: தண்ணீரின் அளவிலும் கிண்ணத்தின் சுத்தத்திலும்தான். ஜிப்சம் என்பது நீரேறிய கால்சியம் சல்பேட். அதன் எடையில் சுமார் 21 சதவீதம் படிகநீர். ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸில் வறுத்தால் அந்த நீரில் முக்கால் பங்கு போய்விடும். மிஞ்சுவதுதான் உங்கள் கையிலுள்ள பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், சுருக்கமாக பி.ஓ.பி. மாவு. தண்ணீர் பட்டதும் அது இழந்த நீரைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஊசி ஊசியான படிகங்களாக வளர்கிறது. அந்த ஊசிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதே இறுக்கம். ஈரம் காய்வதால் வரும் இறுக்கம் அல்ல இது.

100 கிராம் மாவு மறுபடி ஜிப்சமாக மாறத் தேவைப்படும் நீர் 18.6 கிராம்தான். அவ்வளவு குறைவாக ஊற்றினால் கலவை ஓடாது என்பதற்காகவே 60 முதல் 70 மில்லி வரை சேர்க்கிறோம். மிகுதி நீர் பின்னால் ஆவியாகி, இருந்த இடத்தில் நுண்துளைகளை விட்டுச் செல்லும். 100 மில்லி ஊற்றினால் துளைகள் பெருகி, உருவம் உதிரத்தான் செய்யும். கண்ணளவை நம்பாதீர்கள், மாவையும் தண்ணீரையும் தராசில் நிறுத்து எடுங்கள்.

முதலில் தண்ணீர், பிறகு மாவு. மாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கட்டி விழும். மாவைச் சலித்துத் தூவி, ஓரிரு நிமிடம் கிளறாமல் ஊற விடுங்கள். மாவுக்குள் இருக்கும் காற்று தானாக வெளியேறும். பிறகு ஒரு நிமிடம், கரண்டியை மேலே தூக்காமல் அடியோடு மெதுவாகக் கிளறி, பாலேடு பதத்தில் அச்சின் ஒரு மூலையிலிருந்து ஊற்றுங்கள். அச்சை லேசாகத் தட்டினால் மிச்சக் குமிழிகளும் மேலே வரும்.

கிண்ணத்திலேயே இறுகுவதற்கு முக்கியக் காரணம், ஓரத்தில் ஒட்டியிருக்கும் பழைய பி.ஓ.பி. துகள்கள். அவை ஏற்கெனவே ஜிப்சமாகிவிட்டவை. புதிய படிகங்கள் அவற்றையே வித்தாகப் பிடித்துக்கொண்டு வேகமாக வளரும். வெதுவெதுப்பான நீர், சிறிதளவு உப்பு, அதிகக் கிளறல் ஆகியவையும் இறுக்கத்தை விரைவுபடுத்தும். கூடுதல் நேரம் வேண்டுமென்றால் ஒரு கிலோ மாவுக்கு அரை கிராம் சிட்ரிக் அமிலத்தை முன்கூட்டியே தண்ணீரில் கரைத்துக்கொள்ளலாம். அளவு கூடினால் வலிமை குறையும். இறுகத் தொடங்கிய கலவையில் தண்ணீர் விட்டு மறுபடி இளக்குவது மட்டும் கூடவே கூடாது. பின்னிய படிகங்களை நீங்களே உடைத்துவிட்டால் அவை மீண்டும் சேராது.

இறுகும்போது உருவம் சூடாகும்; அந்தச் சூடு தணிந்த பிறகே அச்சைப் பிரியுங்கள். காய வைக்கும் வெப்பம் 45 டிகிரியைத் தாண்ட வேண்டாம். மிஞ்சினால் மேற்பரப்பு படிகநீரை இழந்து மாவாகிவிடும். கைத்தடம் எடுக்க விரும்பி பி.ஓ.பி. கட்டிக்குள் கையைப் புதைப்பவர்களுக்கு ஒரு கடுமையான எச்சரிக்கை: தடித்த கட்டியின் உள்ளே வெப்பம் 60 டிகிரியையும் தாண்டும். கையை உடனே இழுக்கவும் முடியாது. விரல்களையே இழக்கும் அளவுக்குத் தீப்புண் வரலாம். மீந்த கலவையைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் இறுகிக்கொள்ளும்.

கேள்வி: உடைந்த பி.ஓ.பி. உருவங்களை அரைத்து மறுபடி பயன்படுத்தலாமா?

பதில்: அரைத்தால் கிடைப்பது வெறும் ஜிப்சம் தூள்; தண்ணீர் விட்டால் இறுகாது. மறுபடி வறுக்க வேண்டும். வீட்டு அடுப்பில் ஒரு பகுதி பச்சையாகவே நிற்கும், இன்னொரு பகுதி மிகையாக வறுபடும். சிற்ப வேலைக்கு அந்த மாவு தேறாது.

கேள்வி: என் நிலத்து மண்ணின் கார அமில நிலை (pH) 9.2. ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். எவ்வளவு போடுவது?

பதில்: அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து அளவு சொல்ல முடியாது. முதலில் நிலம் களரா, உவரா என்று தெரிய வேண்டும். கார அமில நிலை 8.5-க்கு மேல், மண்ணில் ஒட்டியிருக்கும் சோடியம் 15 சதவீதத்துக்கு மேல், மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்குக் கீழ் என்றால் அது களர். ஜிப்சம் இதற்குத்தான் மருந்து. வெறும் உவர் நிலத்தில் கேடு செய்வது கரைந்திருக்கும் உப்பு. அதை நல்ல நீர் கட்டி வடிப்பதே வழி, அங்கே ஜிப்சம் போடுவது வீண்செலவு. புளிப்பு மண்ணுக்கும் ஜிப்சம் சுண்ணாம்புக்கு ஈடாகாது; அது கார அமில நிலையை உயர்த்தாது.

களர் மண்ணில் களிமண் துகள்களின் மேல் சோடியம் ஒட்டியிருப்பதால் துகள்கள் பிரிந்து மண்துளைகளை அடைக்கின்றன, நீர் இறங்குவதில்லை. ஜிப்சத்தின் கால்சியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, விடுபட்ட சோடியம் சல்பேட்டாகி நீரோடு போய்விடும். கணக்கு இது: 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, 100 கிராம் மண்ணில் ஒரு மில்லிஈக்விவலன்ட் (அயனிகளை அளக்கும் அலகு) சோடியத்தை நீக்க ஹெக்டேருக்குச் சுமார் 1.9 டன் தூய ஜிப்சம் வேண்டும். உங்கள் மண்ணின் அயனி மாற்றுத் திறன், அதாவது சோடியம், கால்சியம் போன்றவற்றைப் பிடித்துவைக்கும் கொள்ளளவு, 100 கிராமுக்கு 20 மில்லிஈக்விவலன்ட், அதில் சோடியம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதை 10 சதவீதமாக இறக்க 4 மில்லிஈக்விவலன்ட் நீங்க வேண்டும், ஏறத்தாழ 7.6 டன். வாங்கும் ஜிப்சத்தின் தூய்மை 80 சதவீதம் என்றால் 9.5 டன். ஆகவே மண் பரிசோதனைச் சீட்டில் ஜிப்சம் தேவையையும் கேட்டு வாங்குங்கள்.

பலரும் ஜிப்சத்தைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் கஞ்சத்தனம் செய்கிறார்கள். ஒரு லிட்டர் நீரில் கரைவது சுமார் இரண்டரை கிராம் மட்டுமே. ஒரு ஹெக்டேரில் 10 சென்டிமீட்டர் நீர் நிறுத்தினால் அது கரைப்பது கிட்டத்தட்ட 2.5 டன். 7.6 டன் கரைய 30 சென்டிமீட்டர் நீராவது மண்ணுக்குள் இறங்கியாக வேண்டும். முதலில் வரப்பைப் பலப்படுத்தி, நிலத்தைச் சமன் செய்து, வடிகால் வெட்டுங்கள். வடிகால் இல்லாவிட்டால் சோடியம் அதே மண்ணில்தான் கிடக்கும். தூளைப் பரப்பி, மேல் 10 சென்டிமீட்டரில் கலந்து, நீர் கட்டி, வடியுங்கள். ஆழமாக உழுது புதைக்க வேண்டாம்.

கேள்வி: நிலக்கடலைக்கு ஜிப்சம் ஏன்? இலையில் கால்சியம் தெளித்தால் போதாதா?

பதில்: போதாது. இலைக்குப் போன கால்சியம் காய்க்குத் திரும்பி இறங்குவதில்லை. பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிய விழுதும் அதன் நுனியில் உருவாகும் காயும் தமக்குத் தேவையானதைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரடியாக உறிஞ்சுகின்றன. அதனால் விழுது இறங்கும் 40 – 45-ஆம் நாளில், ஹெக்டேருக்கு 400 கிலோ அளவில் செடியின் அடியில் இட்டு மண் அணைப்பது வழக்கம். கால்சியம் குறைந்தால் பருப்பில்லாத பொக்குக் காய் மிகும். ஜிப்சத்தில் 18 சதவீதத்துக்கும் மேல் கந்தகமும் இருப்பது கூடுதல் பயன்.

கேள்வி: சிமென்ட்டிலேயே ஜிப்சம் இருக்கிறதாமே? அப்படியானால் பூச்சு சீக்கிரம் இறுக இன்னும் கொஞ்சம் சேர்க்கலாமா?

பதில்: தயவுசெய்து சேர்க்காதீர்கள். சூளையில் சுட்டெடுத்த சிமென்ட் கட்டியான கிளிங்கரை அரைக்கும்போது 3 முதல் 5 சதவீதம் ஜிப்சம் சேர்ப்பது, சிமென்ட் தண்ணீர் பட்டவுடன் கெட்டிப்படாமல் தாமதப்படுத்தத்தான். அதற்கு மேல் போனால் இறுகிய பிறகும் உள்ளே எட்ரிங்கைட் என்னும் படிகம் வளர்ந்து பூச்சை உப்பவைத்து வெடிக்கச் செய்யும். இன்னொரு செய்தி: அரவை ஆலையில் சூடு அதிகமானால் ஜிப்சம் பி.ஓ.பி.யாக மாறிவிடும். அந்தச் சிமென்ட் கலந்த சில நிமிடத்தில் இறுகியதுபோல் நிற்கும். அப்போது தண்ணீர் சேர்க்காமல் மறுபடி கலக்கினால் இளகிவிடும். தண்ணீர் ஊற்றினால் வலிமைதான் போகும்.

கேள்வி: மேல்தளக் கசிவில் ஜிப்சம் பலகைக் கூரை நனைந்துவிட்டது. காய்ந்தால் போதுமா?

பதில்: கசிவை அடைத்து, இரண்டு நாளுக்குள் காற்றோட்டத்தில் முழுதும் காய்ந்து, பலகை தொய்யாமல் இருந்தால் விட்டுவிடலாம். தொய்ந்திருந்தாலோ, காகிதம் பிரிந்திருந்தாலோ, பூஞ்சை பிடித்திருந்தாலோ அந்தப் பகுதியை வெட்டி மாற்றுங்கள். வந்தது சாக்கடை நீர் என்றால் காயவே விட வேண்டாம், கழற்றிவிடுங்கள். நனைந்தால் இப்படிப் பலவீனமாகும் அதே பலகை தீயைத் தடுப்பதில் கெட்டி. 12.5 மில்லிமீட்டர் பலகையில் ஒரு சதுர மீட்டருக்கு ஒன்றரை லிட்டருக்கும் மேல் படிகநீர் உண்டு. அது ஆவியாகித் தீரும்வரை பின்பக்கம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். கழற்றிய துண்டுகளை மக்கும் குப்பையோடு கலக்காதீர்கள். காற்றுப் புகாத ஈரக் குவியலில் பாக்டீரியாக்கள் சல்பேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவை உண்டாக்கும்.

கேள்வி: ஒரு வெள்ளைக் கல் ஜிப்சமா, சுண்ணாம்புக் கல்லா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நகத்தால் கீறுங்கள். கோடு விழுந்தால் ஜிப்சமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் கடினம் மோஸ் அளவில் 2. சுண்ணாம்புக் கல்லுக்கு 3, நகம் பதியாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக் கல் நுரைக்கும், ஜிப்சம் நுரைக்காது. உறுதிப்படுத்த, பொடித்துச் சோதனைக் குழாயில் சூடாக்குங்கள். ஜிப்சம் என்றால் குழாயின் மேல்பகுதியில் நீர்த்துளிகள் படியும்.