கர்ப்பகால வலிகள்: கேள்விகளும் பதில்களும்

கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் இயன்முறை சிகிச்சை அளிப்பது என் வேலை. வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை இடுப்பைப் பற்றியவை; அங்கிருந்தே தொடங்குகிறேன். ரத்தப்போக்கு, நீர்க்கசிவு, காய்ச்சலோடு வலி, குழந்தையின் அசைவு குறைந்தது போன்றவை இருந்தால் மட்டும் என் பதிலுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி (26 வாரம்): மேடம், இரவில் புரண்டு படுத்தால் உயிர் போகிறது. அடிவயிற்றுக்குக் கீழே, தொடைகள் சேரும் இடத்தில் வலி. காலையில் சல்வார் போட ஒரு காலைத் தூக்கவே முடியவில்லை. டாக்டரிடம் சொன்னால், "இதெல்லாம் சகஜம்" என்கிறார். சயாட்டிகாவாக இருக்குமா?

பதில்: நீங்கள் சொல்லும் இடத்தைப் பார்த்தால் சயாட்டிகா போலத் தெரியவில்லை. கர்ப்பத்தில் இடுப்பில் எது வலித்தாலும் சயாட்டிகா என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். உண்மையான சயாட்டிகா, அதாவது இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் பெரிய நரம்பு அழுத்தப்படுவதால் வரும் வலி, அபூர்வம். அதில் வலி காலின் பின்புறம் வழியாக முழங்காலைத் தாண்டி இறங்கும், மரத்துப்போகும். உங்களுக்கு இருப்பது இடுப்பு வளைய வலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஏறக்குறைய 5 கர்ப்பிணிகளில் ஒருவருக்கு இது வருகிறது. இடுப்பெலும்புகள் முன்னால் ஓரிடத்திலும் பின்னால் ஈரிடத்திலும் மூட்டுகளாக இணைகின்றன. கர்ப்பத்தில் அங்குள்ள தசைநார்கள் தளர்கின்றன, எடை முன்னால் சாய்கிறது, மூட்டுகள் இரு பக்கமும் ஒன்றுபோல் அசைவதில்லை. அதனால்தான் ஒற்றைக் காலில் நிற்கும்போதும் கால்களை அகட்டும்போதும் சுருக்கென்று பிடிக்கிறது.

'சகஜம்' என்றால் சிகிச்சை கிடையாது என்று பொருள் இல்லை. இயன்முறை மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை அசையும் விதத்தை மாற்றுங்கள். புரளும்போது முதலில் முழங்கால்களை மடக்கி ஒட்டிவைத்து, நடுவே ஒரு சிறிய தலையணையை இறுக்கிப் பிடியுங்கள். மூச்சை வெளியே விட்டபடி தோள், இடுப்பு, முழங்கால் மூன்றையும் ஒரே நேரத்தில் திருப்புங்கள். இடுப்பு முதலில் போய்க் கால் பின்னால் இழுபடுவதுதான் வலிக்குக் காரணம். எழுந்திருக்கப் பக்கவாட்டில் திரும்பி, இரு கால்களையும் சேர்த்துக் கீழே இறக்கி, கையை ஊன்றி எழுங்கள். சல்வாரை உட்கார்ந்துதான் போட வேண்டும். காரில் ஏறும்போது முதலில் இருக்கையில் அமர்ந்து, பிறகு இரு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். மாடிப்படியில் ஒவ்வொரு படியாக: ஏறும்போது வலி குறைந்த கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில்.

இன்னொன்று. இந்த வலி இருக்கிறது என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவைப்படுவதில்லை. வலியில்லாமல் முழங்கால்கள் எவ்வளவு தூரம் விரிகின்றன என்று முன்கூட்டியே அளந்து வைத்து, பிரசவ அறையில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள்.

கேள்வி (22 வாரம்): முதுகு வலிக்கிறது என்றாலே அம்மா, "அசையாமல் படு" என்கிறார். படுத்தால் இன்னும் மோசமாகிறது.

பதில்: அம்மாவின் அக்கறை புரிகிறது, ஆனால் இதில் நான் உங்கள் முதுகின் கட்சி. நாள் முழுக்கப் படுத்தால் முதுகையும் இடுப்பையும் தாங்கும் தசைகள் பலம் இழக்கும், மூட்டுகள் விறைக்கும். மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தால் அது வேறு; உதாரணமாக, நஞ்சுக்கொடி கீழே இருந்தாலோ ரத்தப்போக்கு இருந்தாலோ அவர் சொல்வதே முடிவு. அப்படி எதுவும் இல்லை என்றால் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடல் உழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்கும் சொல்லும் கணக்கு. நடை, நீச்சல், கர்ப்பகால யோகா எதுவானாலும் சரி. பேசிக்கொண்டே செய்ய முடிகிற வேகம் போதும்.

வீட்டிலேயே செய்ய ஒன்று: கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, முதுகை மெதுவாக மேலே வளைத்து, பிறகு தட்டையான நிலைக்குக் கொண்டுவாருங்கள். கீழே தொய்ய விடாதீர்கள். வயிற்றின் பாரம் சிறிது நேரம் முதுகெலும்பை விட்டு இறங்குவதே பலருக்குப் பெரிய நிம்மதி. வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கலாம். கொதிக்கும் சூடும் வெந்நீர்த் தொட்டியில் ஊறுவதும் வேண்டாம்.

கேள்வி: என் மனைவிக்கு 31 வாரம். நடு இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு அலறி எழுகிறாள். நான் அமுக்கிவிடுகிறேன், உடனே விடுவதில்லை. என்ன செய்ய வேண்டும் சார்?

பதில்: சார் இல்லை, மேடம். பரவாயில்லை. அமுக்குவதற்கு முன்னால் நீட்டுங்கள். முழங்காலை நேராக வைத்து, ஒரு கையால் குதிகாலைப் பிடித்து, இன்னொரு கையால் பாதத்தின் முன்பகுதியை அவருடைய முகத்தை நோக்கி மெதுவாகத் தள்ளுங்கள். விரல்களைக் கீழ்நோக்கி நீட்டினால் பிடிப்பு இன்னும் இறுகும்; தூக்கக் கலக்கத்தில் பலர் அதைத்தான் செய்கிறார்கள். பிடிப்பு விட்டதும் தடவிக்கொடுங்கள், அறைக்குள் நான்கடி நடக்கட்டும். படுக்கப்போகும் முன் சுவரில் கை ஊன்றி, குதிகால் தரையை விட்டு எழாமல் கெண்டைச் சதையை நீட்டும் பயிற்சி செய்யலாம். மெக்னீசியம், கால்சியம் மாத்திரைகளை உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஒரு வழியாகக் குறிப்பிடுகிறது. எல்லோருக்கும் பலன் தருவதில்லை. டாக்டரைக் கேட்டே தொடங்குங்கள்.

ஒன்றில் கவனம். வலி விடாமல் இருந்து, ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக இருந்தால் அது சதைப்பிடிப்பு அல்ல, ரத்தக்கட்டாக இருக்கலாம். அந்தக் காலை அமுக்கவே கூடாது. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

கேள்வி (17 வாரம்): தும்மினால் தொடை இடுக்கில் ஊசி குத்துவதுபோல் வலித்து, உடனே போய்விடுகிறது. பயமாக இருக்கிறது.

பதில்: கருப்பையை இரு பக்கமும் பிடித்திருக்கும் வட்டத் தசைநார் திடீரென்று இழுபடுவதால் வரும் வலி இது. இரண்டாவது மூன்று மாதங்களில் சகஜம். தும்மல் வருகிறது என்று தெரிந்ததும் முன்னால் குனிந்து, முழங்காலைச் சற்று மடக்குங்கள். நொடிகளில் போகாமல் நீடித்தாலோ சிறுநீர் எரிந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (12 வாரம்): கர்ப்பம் என்று தெரிவதற்கு முன் முதுகுவலிக்கு ஐபுபுரூஃபன் இரண்டு போட்டுவிட்டேன். இனி எதைப் போடலாம்? தைலம், ஜெல் பரவாயில்லையா?

பதில்: அந்த இரண்டு மாத்திரைக்காகப் பதற வேண்டாம், அடுத்த பரிசோதனையில் டாக்டரிடம் சொல்லுங்கள். இனி தேவைப்பட்டால் முதலில் பாராசிட்டமால்தான். டாக்டர் சொன்ன அளவில், முடிந்தவரை குறைந்த நாட்களுக்கு. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகைகளை 20 வாரத்திலிருந்து தவிர்க்கும்படி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020இல் எச்சரித்தது. அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்து, பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். சுமார் 30 வாரத்துக்கு மேல் குழந்தையின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய ரத்தக்குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. தோலில் தடவும் டைக்ளோஃபினாக் ஜெல்லும் ஓரளவு ரத்தத்தில் கலக்கிறது. தடவுவதுதானே என்று விட்டுவிட முடியாது.

ஆஸ்பிரினும் இதே வகைதானே என்று, டாக்டர் எழுதிக்கொடுத்த குறைந்த அளவு ஆஸ்பிரினை யாரும் தாமாக நிறுத்திவிடாதீர்கள். அது வலிக்காகக் கொடுப்பதில்லை.

கேள்வி (29 வாரம்): இடது பக்கம் மட்டும்தான் படுக்க வேண்டுமாமே? இடது இடுப்பு வலிக்கிறது. விழித்துப் பார்த்தால் மல்லாந்து கிடக்கிறேன், பதறிப்போகிறேன்.

பதில்: 28 வாரத்துக்குப் பிறகு பக்கவாட்டில் படுக்கச் சொல்வது, கருப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தாமல் இருக்க. வலது பக்கமும் தாராளமாகப் படுக்கலாம். மல்லாந்து விழித்தால் திரும்பிப் படுத்துத் தூங்குங்கள், அவ்வளவுதான். முழங்கால்களுக்கு நடுவே வைக்கும் தலையணை கணுக்கால் வரை நீளட்டும். பாதம் கீழே தொங்கினால் இடுப்பு முறுக்கிக்கொள்ளும். தலையணை வைத்தும் பயனில்லை என்பவர்கள் முதலில் இதைச் சரிபாருங்கள்.

கேள்வி (33 வாரம்): வலது விலாவுக்குக் கீழே வலி, காலையிலிருந்து தலைவலியும். வயிற்றைத் தாங்கும் பெல்ட் போடலாமா?

பதில்: பெல்ட் வேண்டாம், இப்போதே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். 20 வாரத்துக்குப் பின் மேல்வயிற்றின் வலப்பக்க வலி, தீராத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென வீங்குவது ஆகியவை ப்ரீஎக்லாம்சியா என்னும் ஆபத்தான கர்ப்பகால உயர் ரத்த அழுத்த நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

கேள்வி (34 வாரம்): கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் இரவில் மரத்துப்போகின்றன. கையிலிருந்து தம்ளர் நழுவுகிறது.

பதில்: மணிக்கட்டுக்குள் நீர்கோத்து நரம்பை அழுத்துகிறது. மணிக்கட்டை மடக்காமல் நேராக வைக்கும் ஸ்ப்ளின்ட்டை இரவில் அணியுங்கள். பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தானே சரியாகும். பிடிமானம் குறைந்திருப்பதை மட்டும் டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

கேள்வி (35 வாரம்): எனக்கு எப்போதுமே முதுகுவலி. பிரசவ வலியும் முதுகில்தான் வரும் என்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தசைவலி, உட்காரும் நிலையை மாற்றினாலோ படுத்தாலோ கூடிக் குறையும். பிரசவ வலி அலையாக வந்து போகும். எப்படி உட்கார்ந்தாலும் விடாது, இடைவெளி குறைந்துகொண்டே வரும். வயிற்றில் கை வைத்துப் பாருங்கள்: வலி வரும்போது வயிறு கல்லாக இறுகி, போனதும் தளர்கிறதா? பொய்வலியிலும் இறுகும், ஆனால் ஒழுங்கில்லாமல் வரும், நடந்தாலோ ஓய்வெடுத்தாலோ அடங்கிவிடும். நேரத்தைக் குறித்துவையுங்கள். உங்களுக்கு இன்னும் 37 வாரம் ஆகவில்லை. எனவே ஒழுங்காக வந்து போகும் வலியாகத் தெரிந்தால் எண்ணிக்கொண்டு வீட்டில் இருக்காமல் உடனே பிரசவ வார்டுக்குப் போன் செய்யுங்கள்.