விலை உயர்ந்த மாடல் இன்ஜின்: வாங்கியவர்கள் கேட்டவை

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இன்ஜினைச் சுற்றித்தான், பிரிட்டனின் புகழ்பெற்ற நீராவி ரயில் இன்ஜினான ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேனின் மாடல். அதில் ஆச்சரியம் இல்லை. ஓஓ அளவில், அதாவது நிஜத்தில் 76.2இல் ஒரு பங்கு அளவில், நல்ல காசு கொடுத்து முதல்முறை வாங்குகிறவர்களில் பலர் கைவைப்பது அதில்தான்.

250 பவுண்ட் கொடுத்து வாங்கிய இன்ஜின், மெதுவாகப் போகும்போது வெட்டி வெட்டி இழுக்கிறது. திருப்பி அனுப்பிவிடலாமா?

இன்றைக்கே வேண்டாம். முதலில் தண்டவாளத்தையும் சக்கரங்களையும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். புதுச் சக்கரத்திலும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அப்புறம் பெட்டி எதையும் மாட்டாமல் முன்னால் அரை மணி நேரம், பின்னால் அரை மணி நேரம், நடுத்தர வேகத்தில் ஓட விடுங்கள். கிரீஸ் பரவி, கியர் பற்கள் ஒன்றோடொன்று படிய அவ்வளவு நேரம் பிடிக்கும்.

அதற்குப் பிறகு பரீட்சை வையுங்கள். தண்டவாளத்தின் பக்கத்தில் ஓர் அடி ஸ்கேலை வைத்து, இன்ஜின் அதைக் கடக்க எத்தனை நொடி என்று எண்ணுங்கள். மனிதன் நடக்கும் வேகம் மணிக்கு 3 மைல். ஓஓ அளவில் அது நொடிக்கு 1.8 சென்டிமீட்டருக்கும் குறைவு, அதாவது ஓர் அடிக்கு 17 நொடி. இந்த விலைக்கு விற்கும் இன்ஜின் அந்த வேகத்தில் நிற்காமல் ஊர்ந்தே ஆகவேண்டும். என்னைக் கேட்டால் கைப்பிடிக் கம்பி, ரிவெட், பெயின்ட் எல்லாம் இதற்கு அடுத்ததுதான்.

சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் தடுமாறுகிறதா என்றும் குனிந்து பாருங்கள். அப்படியானால் இரு பக்கக் கிராங்கின் கோணம் பிசகியிருக்கலாம், இல்லை இணைப்புத் தண்டு வளைந்திருக்கலாம். எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் அது சரியாகாது. அப்போது தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள்.

4472 எண், ஆப்பிள் பச்சை நிறம். ஆனால் நண்பர் பார்த்துவிட்டு "இது 1930களின் இன்ஜினே இல்லை" என்கிறார். ஏமாந்துவிட்டேனா?

நண்பர் விவரமானவர். புகைப்பெட்டியின், அதாவது கொதிகலனின் முன்முனையின், பக்கவாட்டில், மேல்பகுதியில், நீள்சதுரமாக ஒரு சிறு தகடு துருத்திக்கொண்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஏ3 வகைக் கொதிகலன்.

1923இல் டான்காஸ்டரில் இது ஏ1 வகையாகப் பிறந்தது. அப்போது எண் 1472. 4472 ஆனது 1924இல். 1928இல் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு நிற்காமல் ஓடியபோதும், 1934 நவம்பரில் மணிக்கு 100 மைலைத் தொட்டபோதும் ஏ1தான். ஏ3 ஆக மாற்றியது 1947இல். அதற்கு முந்தின வருடமே எண் 103 ஆகிவிட்டது. ஆக, தனியார் கைக்குப் போய் மறுபடி பச்சை பூசிய 1963க்கு முன்னால், 4472 எண்ணும் ஏ3 கொதிகலனும் ஒரே இன்ஜினில் சேர்ந்திருக்கவே முடியாது.

உங்களுடையது 1963க்குப் பிந்தைய தோற்றம் என்று பெட்டியில் போட்டிருந்தால் குற்றமில்லை. "1930கள்" என்று போட்டிருந்தால் கடைக்காரரிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இந்த விலையில் வருடம் தப்புவதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை. டெண்டரையும், அதாவது நிலக்கரியும் தண்ணீரும் சுமந்து இன்ஜினுக்குப் பின்னால் வரும் வண்டியையும், பாருங்கள். ஓட்டத்தின் நடுவில் டிரைவர்கள் மாறிக்கொள்ள உள்ளே நடைவழி வைத்த டெண்டர் 1928இல்தான் வந்தது.

நேர் முன்னாலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே ஒடுங்கித் தெரிகின்றன. தயாரிப்புக் குறையா?

குறைதான், ஆனால் அதற்கு வயது நூறு. பிரிட்டனில் நிஜத் தண்டவாளத்தின் அகலம் 1,435 மில்லிமீட்டர். அதை 76.2ஆல் வகுத்தால் 18.83 வரவேண்டும். ஓஓ தண்டவாளம் 16.5 மட்டுமே. பிரிட்டிஷ் இன்ஜின்கள் ஐரோப்பாவில் ஓடியவற்றைவிட ஒடுங்கியவை. அன்றைய மோட்டார் அந்தக் குட்டி உடம்புக்குள் அடங்கவில்லை. அதனால் தண்டவாளத்தை ஹெச்ஓ என்ற, ஓஓவைவிடச் சிறிய ஐரோப்பிய மாடல் அளவிலேயே விட்டுவிட்டு உடம்பை மட்டும் பெருக்கினார்கள். இன்றைக்குக் கட்டைவிரல் தண்டி மோட்டார் கிடைக்கிறது. ஆனால் எல்லோர் வீட்டிலும் 16.5 தண்டவாளம் பதித்தாகிவிட்டது. இதைப் பொறுக்க முடியாதவர்கள் பி4 என்ற அளவுமுறைப்படி 18.83இலேயே சொந்தமாகச் சக்கரம் மாற்றிக்கொள்கிறார்கள். எனக்குப் பொறுமையும் கிடையாது, கண்ணும் அவ்வளவு கூர்மை இல்லை.

பின்பக்கச் சிறு சக்கரத்தில் விளிம்பே இல்லை. காற்றில் மிதக்கிற மாதிரி இருக்கிறது.

உங்கள் வளைவுக்காகச் செய்தது. வீட்டு செட்டில் வரும் 438 மில்லிமீட்டர் ஆரத்தை நிஜ அளவுக்குப் பெருக்கினால் 33 மீட்டர்தான் வரும். அந்த வளைவில் எந்த எக்ஸ்பிரஸ் இன்ஜினையும் திருப்ப முடியாது. விளிம்புள்ள சக்கரம் ஒரு ஜோடி தனியாகப் பையில் வந்திருக்கலாம், தேடிப்பாருங்கள். அலமாரியில் நிறுத்திவைக்கவோ அகலமான வளைவில் ஓட்டவோ மட்டும் அதை மாட்டுங்கள்.

சவுண்ட் டிகோடர் (ஒலி எழுப்பும் சிறு மின்சுற்று) வைத்த இன்ஜின். சத்தம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஏதோ பொருந்தவில்லை. என்ன என்று சொல்லத் தெரியவில்லை.

எண்ணிப்பாருங்கள். இரண்டு சிலிண்டர் இன்ஜின் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நான்கு "சுக்" வரும். ஸ்காட்ஸ்மேனுக்கு மூன்று சிலிண்டர், ஆகவே ஆறு. அந்த ஓட்டத்தில் ஒரு துள்ளல் இருக்கும், காது பழகினால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்து மிக மெதுவாக ஓட்டுங்கள். நான்கோ ஐந்தோ வந்தால் டிகோடரின் அமைப்பில் அந்த எண்ணை மாற்றலாம், ஐந்து நிமிட வேலை. ஒலியே வேறு வகை இன்ஜினில் பதிவு செய்தது என்றால்தான் புகார் செய்ய வேண்டும்.

ஏற்றத்தில் எட்டுப் பெட்டியை இழுக்க மாட்டேன் என்கிறது.

உங்கள் ஏற்றம் எவ்வளவு? 30க்கு 1, அதாவது 30 அடி போனால் 1 அடி ஏறும் என்றால், இன்ஜினைக் குறை சொல்லாதீர்கள். மல்லார்ட் என்ற நீராவி இன்ஜின் 1938இல் மணிக்கு 126 மைல் வேகம் கண்ட ஸ்டோக் சரிவே சுமார் 200க்கு 1தான். இன்னொரு கணக்கும் உண்டு. நிஜ ஏ3, டெண்டர் இல்லாமல், சுமார் 96 டன். நீளம், அகலம், உயரம் மூன்றையும் 76.2ஆல் வகுத்தால் எடை 220 கிராம் அளவுக்குத்தான் வரும்; அவ்வளவு லேசாக இருந்தால் சக்கரத்துக்குப் பிடிப்பும் குறைவுதான். சமதளத்தில் எட்டுப் பெட்டியை இழுக்காவிட்டால் எழுதுங்கள், பார்ப்போம்.

பத்து வருடம் பெட்டிக்குள்ளேயே இருந்த இன்ஜினில் அடிச்சட்டம் விரிசல் விட்டிருக்கிறது. கீழே போடவே இல்லை!

நம்புகிறேன். எனக்கும் நடந்தது. ஒரு டீசல் இன்ஜினை எட்டு வருடம் கழித்து வெளியே எடுத்தால், அடிச்சட்டம் வாழைப்பழம் மாதிரி வளைந்து, மேல்மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. விரலால் தொட்டேன், ஒரு மூலை பிஸ்கட்டாக உதிர்ந்தது. வார்ப்பில் போடும் துத்தநாகக் கலவையில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டாலும் போதும், உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து ஊதிவிடும். பசை, பெயின்ட் எதுவும் உதவாது. உடனே மேல்மூடி, மோட்டார், டிகோடர் மூன்றையும் கழற்றி எடுத்துவிடுங்கள், அவை பிழைக்கும். மாற்று அடிச்சட்டம் கிடைக்குமா என்று அப்புறம் தேடலாம். புதிதாக வாங்குகிறவர்களும் உதிரிபாகம் கிடைக்குமா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பெட்டியை வைத்துக்கொள்ள வேண்டுமா? வீட்டில் இடமில்லை.

வையுங்கள். பெட்டி இல்லாவிட்டால் விற்கும்போது விலை இறங்கும். ஆனால் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சை மட்டும் எடுத்துவிட்டு, அமிலமில்லாத டிஷ்யூ தாளைச் சுற்றுங்கள். பழைய ஸ்பாஞ்ச் பிசுபிசுத்துப் போய்ப் பச்சைப் பெயின்டில் ஒட்டிக்கொண்டால் உரித்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போய்விடும்.