15 ஆயிரத்துக்கு ஒரு கிட்டார், உறுத்தாமல்

கேள்வி: சார், கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பச்சைத்தேயிலைக் கணக்கு எழுதுகிறேன். பிளஸ் டூ முடித்த தம்பிக்கு எலக்ட்ரிக் கிட்டார் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டேன். கையில் 15 ஆயிரம் இருக்கிறது. ஆன்லைனில் 6 ஆயிரத்துக்கே ஒன்று பார்த்தேன். அந்த விலைக்கு விற்றால் செய்தவருக்கு என்ன மிஞ்சியிருக்கும்? இலைக்கு என்ன கொடுக்கிறார்கள், தூள் என்ன விலைக்குப் போகிறது என்று தினமும் பார்ப்பதாலோ என்னவோ, உறுத்துகிறது. தம்பியோ, "சைனா வேண்டாம், இந்தோனேசியா என்றால் வாங்கலாம்" என்கிறான். சரிதானா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: நாட்டின் பெயரைப் பார்த்து தரத்தையும் சொல்ல முடியாது, நியாயத்தையும் சொல்ல முடியாது அம்மா. கோர்ட் என்று ஒரு கொரியக் கம்பெனி (வக்கீல் வாதாடும் கோர்ட் இல்லை). தன் பெயரிலும் கிட்டார் விற்கும், பெரிய பெயர்களுக்கும் செய்து கொடுக்கும். 2007-ல் கொரியாவில் ஆட்களை நிறுத்தத் தொடங்கி, அங்கிருந்த தொழிற்சாலைகளை மூடியது. வேலை சீனாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் போனது. வேலையிழந்தவர்கள் போராட்டத்தை விடவில்லை. கம்பெனியோடு ஒப்பந்தம் கையெழுத்தாக 2019 ஏப்ரல் ஆயிற்று. இதில் எனக்கு மறக்காதது ஒன்று: கிட்டார் செய்தே வயதானவர்கள், வாசிக்கத் தெரியாதவர்கள், போராட்டக் காலத்தில்தான் அதைக் கற்றுக்கொண்டு சொந்தமாக ஒரு இசைக்குழு வைத்தார்கள்.

ஃபெண்டர் கம்பெனியின் மலிவு வரிசையான ஸ்குவையர் கிட்டாரின் சீரியல் எண் 'ஐசிஎஸ்' என்று தொடங்கினால் அது இந்தோனேசியாவில் இதே கம்பெனி செய்தது. வேலை நேர்த்தியில் குறை சொல்ல மாட்டேன். பழுதுபார்க்க என் மேசைக்கு வந்தவை பெரும்பாலும் ஒழுங்காகவே இருந்தன. ஆனால் தம்பி நினைக்கிற மாதிரி 'இந்தோனேசியா' என்ற முத்திரை நியாயத்துக்குச் சான்றிதழ் ஆகாது.

நான் பார்ப்பது, தொழிற்சாலை யாருடையது என்பதை. யமஹா தன் பசிஃபிகா கிட்டார்களில் மலிவானவற்றை இந்தோனேசியாவில் சொந்தத் தொழிற்சாலையில் செய்கிறது. அதனால் கூலி நியாயமாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒரு விலாசமாவது இருக்கிறது. நீங்கள் பார்த்த 6 ஆயிரம் ரூபாய் சரக்கு அப்படியில்லை. ஒரே உடம்பு, கடைக்குக் கடை வேறு பெயர், சீரியல் எண்ணும் இருக்காது. விட்டுவிடுங்கள்.

மரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நீலகிரிக்காரருக்குச் சொல்லாமல் முடியாது. விரல் ஓடும் பலகைக்கு வழக்கமாகப் போடுவது ரோஸ்வுட், அதாவது கூடலூர்ப் பக்கம் நிற்கிற நம் ஈட்டி மரத்தின் இனம். 2017-ல், அருகிவரும் மரம், விலங்குகளின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் அந்த இனம் முழுவதற்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 கடைசியில் விலக்கு கொடுத்தார்கள். அதற்குள் மலிவு கிட்டார்கள் பலவும் வேறு மரத்துக்கு மாறிவிட்டன. 'இந்தியன் லாரல்' என்று எழுதியிருந்தால் மிரள வேண்டாம், நம்ம கருமருதுதான். சத்தத்தில் வித்தியாசம் சொல்கிறவர்களைக் கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்க வேண்டும்.

சரி, தரம். ஆன்லைனில் வாங்காமல் ஒரு நாள் கோயம்புத்தூர் இறங்குங்கள். கிட்டாரைக் கையில் வாங்கியதும் நெக்கின் (கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்து) இரண்டு ஓரத்திலும் விரலை மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டைகளின், அதாவது ஃப்ரெட்டின், முனை குத்தக் கூடாது. போன ஜனவரியில் ஊட்டியிலிருந்து ஒரு பையன் கொண்டுவந்தான், இடது கை ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி. பனிக்காலத்து வறட்சியில் பலகை சுருங்கும், ஃப்ரெட் சுருங்காது, முனை வெளியே நீட்டிக்கொள்ளும். சின்ன அரத்தால் ஒரு மணி நேரம் ராவிக் கொடுத்தேன். அப்புறம், தடிமனான கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் சேர்த்து அழுத்திக்கொண்டு, நடு ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி இருந்தால் போதும். அதிகம் இருந்தால் நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை, அதாவது ட்ரஸ் ராடைத் திருகிக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள். 1986-ல் நான் வாங்கிய முதல் கிட்டாரில் அந்த ட்ரஸ் ராடே கிடையாது. ஒரே மழைக்காலம், நெக் வில்லாக வளைந்துவிட்டது. கடைசிவரை அது துணி காயப்போடத்தான் உதவியது.

என்னைக் கேட்டால், இதே 15 ஆயிரத்தில் பழைய கிட்டார் ஒன்று பாருங்கள். பெரிய வகுப்பு முடித்துக் கிளம்பும் விடுதிப் பிள்ளைகள், பாடகர் குழுவை விட்டு ஊர் மாறுகிறவர்கள் என்று குன்னூர், ஊட்டியில் வருஷா வருஷம் சிலவாவது கைமாறுகின்றன. புதிதாக யாரும் மரம் வெட்ட வேண்டியதில்லை, உங்கள் உறுத்தலும் பாதியாகும். ஈரத்தில் ஃப்ரெட் பச்சை பிடித்திருந்தால் தேய்த்துவிடலாம். வால்யூம் திருகும்போது கரகரத்தால் அதுவும் சின்ன வேலைதான். நெக் முறுக்கிக்கொண்டிருந்தால் மட்டும் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். மிச்சப் பணத்தில் சத்தத்தைப் பெரிதாக்கும் ஒரு சின்ன ஆம்ப் பெட்டி வாங்கிவிடலாம். ஆம்ப் இல்லாத எலக்ட்ரிக் கிட்டார் கொசு ரீங்காரம்தான்.

தம்பிக்கு இடது கைப் பழக்கமா என்று எழுதவில்லையே? அப்படியானால் கிளம்பும் முன்பே கடைக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், இடது கைக் கிட்டார் எல்லாக் கடையிலும் இருக்காது.