கால்பந்து ரசிகன் – கடிதம்

அண்ணே, வணக்கம்.

எனக்குத் திருமங்கலம். மதுரையில் வேலை. பள்ளிக்கூடத்திலிருந்தே இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட்டின் ரசிகன். 2013-ல் எங்கள் மேனேஜர் ஃபெர்குசன் ஓய்வு பெற்றதோடு சரி, அதற்கப்புறம் எங்களுக்கு லீக் பட்டமே கிடையாது. 2024-25 சீசனில் 15-ஆவது இடம். கூடப் பார்த்தவர்களில் பாதிப்பேர் அதே ஊரின் எதிரணியான மான்செஸ்டர் சிட்டிக்குத் தாவிவிட்டார்கள், நான் விடவில்லை. போன வாரம் டீக்கடையில் ஒருத்தர், "அந்த ஊரையே பார்த்ததில்ல, நீயெல்லாம் என்னடா ரசிகன்? டிவி பார்க்கிற ஆளு, அவ்வளவுதான்" என்று சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மனசு விட்டுப்போச்சு. நான் உண்மையான ரசிகன்தானா?

ச., திருமங்கலம்

அன்புள்ள தம்பி,

ரசிகன்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஜெயிக்கிற காலத்தில் பிடித்துப்போன அணியைப் பதினைந்தாவது இடத்துக்கு இறங்கிய பிறகும் விடாமல், நடுராத்திரி வரை முழித்திருந்து பார்த்துவிட்டு, தோற்ற வயிற்றெரிச்சலோடு காலையில் வேலைக்குப் போகிற ஒருவரை ரசிகன் இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. சிட்டிக்குப் போனவர்களை விடுங்கள், அது அவர்கள் பாடு.

ஆனால் டீக்கடையில் உங்களைக் கேட்டவர் பேச்சில் ஒரு விஷயம் இருக்கிறது, அதைச் சும்மா தள்ளிவிட எனக்கு மனசில்லை. உள்ளூர் ரசிகனால் ஒரு அணியைத் தூக்கி நிறுத்த முடியும். லண்டனில் விம்பிள்டன் என்று ஒரு கிளப். 2002-ல் அதை ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸுக்கு மாற்றிக்கொள்ள அனுமதி கொடுத்துவிட்டார்கள். ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சில வாரங்களில் ஏஎஃப்சி விம்பிள்டன் என்று தாங்களே ஒரு கிளப்பைத் தொடங்கி, ஊர்ப் பொதுத்திடலில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஆள் தேர்வு நடத்தி, இங்கிலாந்துக் கால்பந்தின் ஒன்பதாம் படியிலிருந்து ஆட ஆரம்பித்தார்கள். 2011-ல் தொழில்முறை லீகுக்குள் வந்துவிட்டார்கள். 2020-ல் பழைய மைதானம் இருந்த அதே பிளவ் லேனில் சொந்த மைதானத்துக்கும் திரும்பினார்கள். அந்த ரசிகர்கள் டிக்கெட் வாங்கினார்கள், காசு போட்டார்கள், மழையில் நின்றார்கள். அவர்கள் இல்லையென்றால் அந்த அணியே இல்லை.

யுனைடெட்டின் மைதானமான ஓல்டு டிராஃபோர்டில் எழுபதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம், நீங்கள் போகாவிட்டாலும் அது நிரம்பும். ஆகவே நான் உங்களிடம் கேட்பது வேறு. நீங்கள் வந்தால்தான் ஆகும் என்கிற மைதானம் எது?

2018 ஜூனில் மும்பையில் இந்திய அணி சீன தைபேயை, அதாவது தைவானை, 5-0 என்று அடித்தது, கேப்டன் சுனில் சேத்ரி மூன்று கோல். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் சேத்ரி ஒரு வீடியோ போட்டார்: எங்களைத் திட்டுங்கள், குறை சொல்லுங்கள், ஆனால் மைதானத்துக்கு வாருங்கள் என்று. ஐரோப்பிய கிளப்புகளின் ரசிகர்களையும்தான் கூப்பிட்டார், அதாவது உங்களை, என்னை. அடுத்த ஆட்டம் கென்யாவோடு, அரங்கம் நிறைந்துவிட்டது.

சரி, மும்பை தூரம். காரியாபட்டி உங்களுக்குத் தூரமா? சேது எஃப்சி அங்கே உள்ள கல்லூரியிலிருந்து வளர்ந்த பெண்கள் அணி, மதுரை அணி என்றுதான் நாடு முழுக்கத் தெரியும். 2019-ல் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று ஜெயித்து இந்திய மகளிர் லீக் பட்டத்தையே தூக்கி வந்தார்கள். 2022-ல் கடைசி ஆட்டம் வரை தோற்காமல் வந்து, பட்டத்தைத் தீர்மானிக்கிற ஆட்டத்தில் கோகுலம் கேரளாவிடம் 1-3 என்று விட்டார்கள். நம்ம பக்கத்து அணி ஒன்று தேசிய சாம்பியன் ஆகியிருக்கிறது, கால்பந்தே உயிர் என்கிற தம்பியின் கடிதத்தில் அதன் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. எனக்கு வருத்தமாக இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன்.

மதுரைப் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில் பெண்கள் ஆட்டம் பார்த்திருக்கிறேன். பார்க்க இருந்தது வீட்டு ஆட்களும் கூட ஆடும் பிள்ளைகளும்தான். பந்து சீமைக்கருவேலம் புதருக்குள் போகும்போதெல்லாம், வெளியே உட்கார்ந்திருந்த மாற்று கோல்கீப்பர் எழுந்து ஓடி எடுத்து வந்து, முள் குத்தியிருக்கிறதா என்று உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு எறிந்தாள். என் பக்கத்தில் ஒரு அம்மா, மடியில் ஒயர் கூடை, அதற்குள் மகளின் செருப்பும் தண்ணீர் பாட்டிலும். முதல் பாதியில் என்னிடம் "ஆஃப்சைடுன்னா என்னண்ணே?" என்று கேட்டார். இரண்டாம் பாதியில் லைன்ஸ்மேன் கொடியைத் தூக்குவதற்குள் எழுந்து நின்று "ஆஃப்சைடு, ஆஃப்சைடு" என்று கத்துகிறார். மகள் அணி தோற்றது. ஆட்டம் முடிந்ததும் அந்த அணியின் எல்லாப் பிள்ளைகளுக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

யுனைடெட்டை விடச் சொல்லவில்லை தம்பி, தாராளமாகப் பாருங்கள். சேதுவின் ஆட்டங்கள் யூடியூப்பில் வரும்போது அதையும் பாருங்கள், உங்கள் ஆட்களைப் பார்க்க வையுங்கள். மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் உள்ளூர் ஆட்டம் ஏதாவது நடக்கும்போது ஒரு வரி எழுதிப் போடுங்கள், நானும் வருகிறேன், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்