ராத்திரிக்கு சூப்பும் சாலடும் போதுமா?

கேள்வி: என் மருமகள் வீகன். பால், தயிர், நெய், தேன் எதுவும் தொடமாட்டாள். வாரத்தில் இரண்டு நாளாவது ராத்திரி சூப்பும் சாலடும் செய்யலாம் அத்தை என்கிறாள். எனக்கும் ஆசைதான். ஆனால் வெண்ணெய், கார்ன்ஃப்ளவர் இல்லாமல் நான் வைக்கிற சூப் வெறும் காய் வேகவைத்த தண்ணீராக இருக்கிறது. என் வீட்டுக்காரர் அதைக் குடித்துவிட்டுப் பத்து மணிக்கு மிக்சர் டப்பாவைத் தேடுகிறார். என்ன செய்வது?
— ஒரு வாசகி, கரூர்

உங்கள் மருமகள் 'அத்தை' என்று உரிமையோடு கேட்டிருக்கிறாள், நீங்களும் செய்துபார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுவே சந்தோஷம். என் மகன் வீகனாகி மூன்று வருடம் ஆகிறது. பெங்களூரில் இருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் எங்கள் மதுரை வீட்டு அடுப்பில் இதே பாடுதான் நடந்தது. அதனால் கேட்டவுடன் புரிந்துவிட்டது.

உங்கள் வீட்டுக்காரர் மேல் தப்பே இல்லை. சூப்பில் பருப்பு இல்லையென்றால் யாருக்கும் பத்து மணிக்குப் பசிக்கத்தான் செய்யும். காய் மட்டும் போட்டால் அது சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்கிற சூப். அதையே ராத்திரிச் சாப்பாடாக வைக்க வேண்டுமென்றால் உள்ளே பருப்போ பயறோ இருந்தே ஆக வேண்டும். 100 கிராம் பாசிப்பருப்பில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது. சூப்புக்கு கெட்டியும் அதுவே கொடுத்துவிடும், கார்ன்ஃப்ளவருக்கு வேலையே இல்லை.

நான்கு பேருக்கு நான் வைக்கிற கணக்கு இது. பாசிப்பருப்பு அரை டம்ளர், சுரைக்காய் ஒரு சாண் துண்டு, நன்றாகப் பழுத்த நாட்டுத் தக்காளி இரண்டு, கேரட் ஒன்று, சின்ன வெங்காயம் எட்டு, பூண்டு நாலு பல், ஒரு சின்னத் துண்டு இஞ்சி. முதலில் பருப்பை வெறும் வாணலியில் வறுக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். தீயைக் குறைத்து, கரண்டி கையில் இருக்க, பருப்பு லேசாகச் சிவந்து பொங்கலுக்கு வறுக்கும்போது வருமே ஒரு வாசம், அது அடுக்களை தாண்டிக் கூடத்துக்கு வரும்வரை வறுங்கள். வெண்ணெய் தருகிற அந்த நிறைவான ருசியில் பாதியை இந்த வறுவல் கொடுத்துவிடும். மீதிப் பாதியை ஒரு ஸ்பூன் செக்கு நல்லெண்ணெய் பார்த்துக்கொள்ளும். அந்த எண்ணெயில் சீரகம், வெங்காயம், பூண்டு, இஞ்சியை வதக்கி, தக்காளி கரைந்ததும் காய், பருப்பு, நாலு டம்ளர் தண்ணீர் சேர்த்து குக்கரில் மூன்று விசில் விடுங்கள்.

தண்ணீர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. குழாய்த் தண்ணீருக்குப் பதில் அரிசி களைந்த இரண்டாவது தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். செட்டிநாட்டில் மண்டி வைப்பதே இந்தத் தண்ணீரில்தானே. சூப்புக்கு அது தருகிற மென்மையை ஒருமுறை பார்த்துவிட்டால் விடமாட்டீர்கள். மல்லித்தழை ஆய்ந்த பிறகு மிஞ்சும் தண்டுகளையும் நான் எறிவதில்லை. நூலால் கட்டி குக்கருக்குள் போட்டுவிட்டு, வெந்ததும் எடுத்துவிடுவேன்.

குக்கர் அடங்கியதும் நேராக மிக்சிக்கு போகாதீர்கள். இதை நான் பட்டுச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் அவசரத்தில் கொதிக்கக் கொதிக்க அரைத்தேன். ஆவி தள்ளி மூடி எகிறியது, மணிக்கட்டில் வெந்த தழும்பு இன்னும் இருக்கிறது. கை பொறுக்கும் சூடு வரட்டும், ஜாரில் பாதிக்கு மேல் ஊற்ற வேண்டாம். இல்லையென்றால் பருப்பு மத்தே போதும். அங்கங்கே கேரட் பல்லில் படுகிற மாதிரி இருப்பதுதான் எனக்குப் பிடிக்கும். மசித்ததை மறுபடி அடுப்பில் வைத்து, உப்பும் அரை ஸ்பூன் கொரகொரப்பாக இடித்த மிளகும் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு இறக்குங்கள். ரசத்தைவிடக் கெட்டியாக, சாம்பாரைவிடத் தளர இருந்தால் சரியான பதம். எலுமிச்சையை இறக்கிய பிறகுதான் பிழிய வேண்டும், அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசப்பு தட்டும்.

சாலடுக்கு வேறெங்கும் போக வேண்டாம். ஸ்ரீராம நவமிக்கு பானகம், நீர்மோரோடு வடைபருப்பு செய்வோமே, அதுதான் நம் வீட்டு சாலட். இன்னொரு அரை டம்ளர் பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, பொடியாக நறுக்கிய வெள்ளரி, துருவிய கேரட், தேங்காய்த் துருவல், பச்சைமிளகாய், மல்லித்தழை சேர்த்து கடுகு தாளித்துக் கொட்டுங்கள். கிளிமூக்கு மாங்காய் கிடைக்கிற நாளில் ஒரு கீற்றைப் பொடியாக நறுக்கிப் போட்டால் எலுமிச்சையே வேண்டாம். ராத்திரிச் சாப்பாடு என்பதால் ஒரு கைப்பிடி வேகவைத்த கொண்டைக்கடலையோ வேர்க்கடலையோ சேர்த்துவிடுங்கள். இதற்குப் பிறகும் உங்கள் வீட்டுக்காரர் மிக்சர் டப்பாவைத் தேடினால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: நான் செய்யும் சாலட் மேசைக்கு வருவதற்குள் தண்ணீர் விட்டுக் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. வெள்ளரியில்தான் குறையா?
— ஒரு வாசகர், தாம்பரம்

வெள்ளரியில் குறையில்லை தம்பி, உப்பு போடுகிற நேரத்தில்தான். உப்பு பட்டதும் வெள்ளரியும் தக்காளியும் நீர் விட ஆரம்பித்துவிடும். நறுக்கி, கலந்து, மூடி வைத்துக்கொள்ளுங்கள். உப்பையும் புளிப்பையும் எல்லாரும் உட்கார்ந்த பிறகு சேருங்கள். விதை முற்றிய வெள்ளரியாக இருந்தால் நடுவில் இருக்கும் விதைப் பகுதியை ஸ்பூனால் வழித்து எடுத்துவிடலாம். அந்த விதையை சூப் குக்கரிலேயே போட்டுவிடுங்கள், வீணாகாது.

முளைகட்டிய பயறு போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பயறு முளைக்கிற ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் பிடித்தமானவை. வீட்டில் கர்ப்பிணிகள், வயதானவர்கள், குழந்தைகள் இருந்தால் பச்சையாகக் கொடுக்காமல் நன்றாக வேகவைத்தே கொடுங்கள். ருசியும் குறையாது.

கேள்வி: வாழைத்தண்டை நறுக்கி மோரில் போடுவதுதான் எங்கள் வழக்கம். வீகன் சூப்புக்கு மோர் கூடாதே, தண்டு கறுக்காதா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

கறுக்காமல் காப்பது மோரின் புளிப்புதான். ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மூடி எலுமிச்சை பிழிந்துவிட்டாலும், கோலிக்குண்டு அளவு புளியைக் கரைத்துவிட்டாலும் அதே வேலையைச் செய்யும்.

தண்டு வாங்கும்போது நடுவில் இருக்கும் இளந்தண்டாகப் பாருங்கள். நான் அண்ணா நகர் உழவர் சந்தையில் வாங்குவேன். 1999-ல் தமிழ்நாட்டில் முதல் உழவர் சந்தை தொடங்கிய இடம் அதுதான், எங்கள் ஊருக்கு அதில் ஒரு பெருமை உண்டு. அங்கே விற்கிற அம்மாக்களிடம் கேட்டால் மேல்பட்டையை உரித்துக்காட்டித் தருவார்கள். வட்டமாக நறுக்கும்போது ஒவ்வொரு வில்லைக்கும் நடுவே நூல் இழுபடும். ஆள்காட்டி விரலை ஒரு சுற்றுச் சுற்றினால் அது விரலிலேயே சுருண்டு வந்துவிடும். என் பாட்டி அந்த நாரைச் சேர்த்து வைத்துத் திரித்து விளக்குக்குத் திரி போடுவார். சூப்புக்கு மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டால் போதும். இந்த சூப் மெலிதாக இருப்பதுதான் அழகு, இதற்குப் பருப்பு வேண்டாம். வயிறு நிறைவதை சாலட் பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் வீகன் என்று எடுத்துக்கொள்ளலாமா?
— கல்லூரி மாணவி, கோவை

கூடாது. பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டுமே சொல்கிறது, அதில் பாலும் அடக்கம். பாக்கெட் சூப் பொடி சிலவற்றில் பால் பொருட்கள் கலந்திருக்கும். பின்பக்கம் உள்ள சேர்மானப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். வீகன் உணவுக்கென்று நம் நாட்டில் 2022-ல் தனி விதிமுறையே வந்துவிட்டது. பச்சை நிறத்தில் 'வி' எழுத்தும் அதன்மேல் சின்ன இலையும் போட்ட முத்திரை இருந்தால் நம்பி வாங்கலாம்.

ஓட்டலிலும் இதே குழப்பம்தான். என் மகனோடு ஒரு ஓட்டலுக்குப் போனபோது, பால், வெண்ணெய் எதுவும் வேண்டாம் என்று சொல்லித்தான் தக்காளி சூப் கேட்டோம். வந்த கிண்ணத்தில் வெண்ணெய் மிதந்தது. கேட்டதற்கு, "சுத்த சைவம்தாங்க, தைரியமா குடிங்க" என்றார் பரிமாறியவர். அவர் மனசு நல்ல மனசு. ஆனால் பசியோடு வந்த பிள்ளை ஸ்பூனைக் கீழே வைத்தபோது எனக்கு வயிறு எரிந்தது. வீட்டில் ஒழுங்காக வைத்துக் கொடுக்க வேண்டும் என்று உட்கார்ந்து கற்றுக்கொண்டது அந்த ராத்திரிக்குப் பிறகுதான்.

கேள்வி: பால், முட்டை எதுவுமே இல்லாமல் உடம்புக்கு எல்லாச் சத்தும் கிடைத்துவிடுமா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பருப்பு, பயறு, கீரை, எள், வேர்க்கடலை என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டால் பெரும்பாலானவை கிடைத்துவிடும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாகவே உடம்பில் ஒட்டும். ஆனால் பி12 வைட்டமின் செடிகொடியில் இருந்து நம்பும்படியாகக் கிடைக்காது. உடம்பு அதைச் சேமித்து வைத்திருப்பதால் குறைபாடு உடனே தெரியாது, வருடங்கள் கழித்து அசதி, கால் மரத்துப்போவது என்று காட்டும். அதனால் தெம்பாகத்தானே இருக்கிறோம் என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் கேட்டு ரத்தப் பரிசோதனை செய்து மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். என் மகன் எடுத்துக்கொள்கிறான். ஊருக்கு வரும்போது பெட்டியில் அந்த அட்டை இருக்கிறதா என்று நான் பார்த்துவிடுவேன்.

கேள்வி: ஆட்டுக்கால் சூப் ருசியில் சைவ சூப் ஏதாவது உண்டா?
— ஒரு வாசகர், நாமக்கல்

உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறதே! எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் கொல்லிமலையில் முடவாட்டுக்கால் கிழங்கு கிடைக்கும். பாறையிலும் மரத்திலும் படர்கிற ஒரு வகைப் பெரணியின் தண்டு அது. மேலே பழுப்பு நிறத்தில் ரோமம் போர்த்தி, பார்க்க ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். அந்த ரோமத் தோலைச் சுத்தமாகச் சீவி, நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு அரைத்துக் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். மூட்டுவலி போகும் என்று சொல்லி விற்பார்கள். நான் ருசிக்காகத்தான் வைக்கிறேன்.

கேள்வி: என் கணவர் வேலை முடிந்து வரவே ஒன்பதரை ஆகிறது. சாயங்காலமே செய்து வைக்கலாமா?
— ஒரு வாசகி, ஓசூர்

தாராளமாக. பருப்பு சூப் ஆற ஆற இறுகும், அதனால் சூடாக்கும்போது அரை டம்ளர் வெந்நீர் விட்டுக் கலக்குங்கள். காய்களை நறுக்கி மூடி போட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஊறின பருப்பையும் வடித்துத் தனியாக அங்கேயே வைத்துவிடுங்கள். தாளிப்பும் உப்பும் எலுமிச்சையும் மட்டும் அவர் கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு.